பின்வாசலில் மணி உள்ள கடை: ஒரு செகண்ட் ஹேண்ட் கடை பற்றி

கனடாவில் கிச்சனர், வாட்டர்லூ பக்கம் புதிதாக வந்து இறங்குகிற நம் ஆட்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, வீட்டுச் சாமான் எங்கே வாங்குவது என்பதுதான். ஆளுக்கு ஆள் போனில் சொல்லிக்கொண்டிருப்பதை விட இங்கே ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது. மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையார் நடத்தும் ஒரு செகண்ட் ஹேண்ட் கடைக்கு மூன்று வருடமாகப் போய் வருகிறேன். பெயரும் தெருவும் எழுதவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன், அங்கே நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சம்பளம் வாங்காமல் உழைக்கும் பெரியவர்கள், அவர்கள் மனம் நோகக் கூடாது. இந்த மாதிரிக் கடைகள் ஒன்டாரியோவிலும் மானிட்டோபாவிலும் இன்னும் உண்டு, ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டால் இன்னொன்றுக்குள் நுழையும்போது திகைப்பு இருக்காது.

முதலில் சாமான். சமையலறைப் பகுதிதான் இந்தக் கடையின் பலம். அடி கனமான ஸ்டீல் பாத்திரங்கள், வார்ப்பிரும்புச் சட்டி, ஓவனில் வைக்கும் கண்ணாடித் தட்டு, எல்லாமே ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போட்டாலும் பயப்படத் தேவையில்லாத விலை. நான் எடுத்த இரும்புச் சட்டி 8 டாலர். யாரோ ஒரு பாட்டி வருடக்கணக்கில் எண்ணெய் காட்டிப் பழக்கி வைத்த சட்டி அது, முதல் நாளே தோசை ஒட்டாமல் எழுந்து வந்தது. ஒருமுறை 3 டாலருக்கு நாலு தட்டோடு இட்லி ஸ்டாண்ட் கிடைத்தது. வீட்டுக்கு எடுத்துப்போகும் முன்பே, கடையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன், அடித்தட்டின் ஓரத்தில் ‘ச.மு.’ என்று தமிழில் பெயர் வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரம் வாங்கும்போது பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுப்பாரே, அதே எழுத்து. எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியதோ, எத்தனை வீடு மாறி இந்தப் பனி ஊர் அலமாரிக்கு வந்ததோ. ரொம்ப நேரம் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றேன்.

குளிர்கால உடைக்கு நேரே இங்கே போங்கள். பிள்ளைகளின் ஸ்னோ பேன்ட்டும் பூட்ஸும் ஒரு குளிர்காலம்தான் தாங்கும், தேய்ந்து போவதால் இல்லை, அடுத்த நவம்பரில் கால் நுழையாது, அதனால் அங்கே கிடைப்பதில் பாதி புதுசு மாதிரியே இருக்கும். எங்கள் கட்டிடத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் என் மகள் போட்டிருந்த பூட்ஸைப் பார்த்துவிட்டு, “தம்பி, 87ல நான் வந்து இறங்கேக்க என்ர முதல் கோட்டும் இப்பிடி ஒரு கடையிலதான் எடுத்தனான். அஞ்சு டொலர். பன்னிரண்டு வருசம் போட்டனான்” என்றார். மரச் சாமான் உறுதியாக இருக்கும், வண்டி நாம்தான் பிடிக்க வேண்டும். மின்சாதனத்தை அங்கேயே பிளக்கில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். மெத்தை மட்டும் எந்தப் பழைய கடையிலும் வேண்டாம்.

சரி, சாமான் எங்கேயும் கிடைக்கும். நான் திரும்பத் திரும்ப இங்கேயே போவதற்குக் காரணம் வேறு, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கடையில் செலவு போக நிற்கும் பணம் மெனோனைட் சென்ட்ரல் கமிட்டி என்ற நிவாரண அமைப்புக்குப் போகிறது, சுருக்கமாக எம்சிசி. 1920-ல் தென் ரஷ்யாவில், அதாவது இன்றைய உக்ரைன் பக்கம், உள்நாட்டுப் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டியபோது, பட்டினி கிடந்த தங்கள் சபை மக்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சோறு போட வட அமெரிக்க மெனோனைட்டுகள் கூடி ஆரம்பித்தது. கடை என்கிற யோசனை ரொம்பப் பின்னால் வந்தது, 1972-ல் மானிட்டோபாவில் ஆல்ட்டோனா என்ற சின்ன ஊரில் நாலு பெண்கள் சேர்ந்து முதல் கடையைத் திறந்தார்கள். நம் வீட்டில் தேவைக்கு மேல் கிடப்பதை விற்றுக் காசாக்கி, இல்லாத இடத்துக்கு அனுப்புவது. அவ்வளவுதான் விஷயம்.

இதை அந்தக் கடைச் சுவரில் படித்தபோது எனக்குக் கைப்பிடி அரிசி ஞாபகம் வந்தது. நான் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவன். உலை வைக்கும் முன் அம்மா அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பு மேடை ஓரத்தில் இருக்கும் தனி டப்பாவில் போடுவாள், அது சேர்ந்ததும் சபைக் கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும். வீட்டில் அரிசி தட்டுப்பாடான மாதத்திலும் அந்தப் பிடி குறையாது, கை மட்டும் கொஞ்சம் தளர்வாக மூடும். அன்றைக்குக் கடையில் நின்றுகொண்டு நினைத்தேன், கைப்பிடி அரிசி என்பது சமைக்கும் முன் எடுப்பது. இங்கே நான் கொண்டுவந்து கொட்டுவது சாப்பிட்டு, சலித்து, மிச்சம் வைத்த பிறகு. இரண்டும் ஒன்றா? மூன்று வருடமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மெனோனைட்டுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1525-ல் சூரிச்சில், குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் போதாது, விவரம் தெரிந்து விசுவாசித்த பிறகே எடுக்க வேண்டும் என்று பிரிந்து வந்த கூட்டத்தின் வழி வந்தவர்கள். வாளைத் தொடுவதில்லை என்பது இவர்களோடு சேர்ந்தே வளர்ந்த கொள்கை, இந்த இரண்டுக்காகவும் ஊர் ஊராகத் துரத்தப்பட்டார்கள். சுமார் 1800 வாக்கில் பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டி இந்தப் பகுதிக்கு வந்தார்கள். செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைப் பக்கம் குதிரை வண்டியில் கறுப்பு உடையோடு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அது ஒரு பிரிவு. கடை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஜீன்ஸும் காரும் அடமானக் கடனும் உள்ளவர்கள்தான்.

சமாதானம் என்பது நான் வளர்ந்த சபையில் ஆராதனை முடிவில் ஐயர், அதாவது பாதிரியார், கை தூக்கிச் சொல்லும் ஆசீர்வாதம். அது ஒரு செலவு வைக்கும் காரியம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தது இந்தக் கடையின் புத்தகப் பகுதியில் நிற்கும் பெரியவர். எண்பதைத் தாண்டியவர், புத்தகங்களின் முதுகைத் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்குவார். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதம் எடுக்க மறுத்தவர். கனடாவில் அப்படி மறுத்தவர்கள் 10,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் மெனோனைட்டுகள். சிறைக்குப் பதிலாக அவர்களை மாற்று வேலைக்கு அனுப்பினார்கள். ஒன்டாரியோவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக் கரையில் மாண்ட்ரீல் ரிவர் என்ற இடத்தில் 1941-ல் முகாம் போட்டு, காட்டை வெட்டி நெடுஞ்சாலை போட வைத்தார்கள், கூலி நாளுக்கு 50 சென்ட். பிறகு பண்ணைக்கும் தொழிற்சாலைக்கும் மாற்றப்பட்டவர்களுக்குச் சம்பளத்தில் மாதம் 25 டாலர்தான் கையில், அதற்கு மேல் உள்ளது செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது. ஊரில் கோழை என்ற பேச்சு வேறு.

பெரியவர் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, என்னிடம் யாரும் துப்பாக்கியைக் கொடுத்து எடுத்துக்கொள் என்று சொன்னதே இல்லை, அப்பாவுக்கு விசுவாசத்தின் விலை மாதா மாதம் சம்பளத்தில் தெரிந்தது, எனக்கு எதில் தெரிகிறது என்று தேடிக்கொண்டே வயதாகிவிட்டது என்றார். அப்புறம் மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கும் அதுதான். கனடாவில் கட்டாய ராணுவ சேவை இல்லை. யாரும் என்னை வெறுக்கச் சொல்லவில்லை, யாரையும் சுடச் சொல்லவில்லை. வசதியாக இருக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். கறுப்பு வெள்ளி என்ற பெரிய தள்ளுபடி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே போன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. உங்களுக்குள் சண்டை எங்கிருந்து வருகிறது, உங்கள் ஆசைகளிலிருந்துதானே என்று பைபிளில் யாக்கோபு கேட்கிற அந்த இடத்தை நான் சின்ன வயதில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன், ஆனால் அதைப் படிக்கும்போது என் அலமாரி ஞாபகம் வந்ததே இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் நியூ ஜெர்சியில் ஜான் உல்மன் என்று ஒரு கடைக்காரர் இருந்தார், குவேக்கர், அதாவது மெனோனைட்டுகளைப் போலவே போரை மறுக்கும் இன்னொரு கிறிஸ்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவர். வியாபாரம் பெருகப் பெருக மனம் பாரமாகி, வந்த வாடிக்கையாளரிடம் இவ்வளவு வாங்காதே, விலை குறைந்ததே போதும் என்று சொல்லிச் சொல்லியே கடையைச் சுருக்கி, கடைசியில் தையல் வேலையோடு நிறுத்திக்கொண்டவர். நம் மேஜை நாற்காலியிலும் உடையிலும் போரின் விதை ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர் அவர். எம்சிசியும் 1974-ல் உலகம் முழுக்க உணவு நெருக்கடி இருந்தபோது தன் சபைக் குடும்பங்களைப் பார்த்து, உணவிலும் செலவிலும் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள் என்று கேட்டது. காணிக்கை கூட்டுங்கள் என்று கேட்பது எங்களுக்குப் பழக்கம், வாழ்க்கையைக் குறையுங்கள் என்று ஒரு சபை அமைப்பு கேட்டதை நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது பின்வாசலுக்கு வருகிறேன். இந்தக் கடையில் இரண்டு வாசல். முன்வாசல் எல்லாருக்கும் தெரியும். கட்டிடத்தைச் சுற்றிப் பின்னால் போனால் ஒரு சரிவு, அதன் முடிவில் இரும்புக் கதவு, பக்கத்தில் மணி. சாமான் கொடுக்கிறவர்கள் அந்த மணியை அடிக்க வேண்டும். உள்ளே நீள மேஜை, அதன் பின்னால் கையுறை போட்ட ஒரு அம்மா. பையை அவர் அப்படியே வாங்கி வைப்பதில்லை, நம் முன்னாலேயே ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைப்பார். சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கக்கத்தையும் காலரையும் பார்ப்பார், கோப்பையின் விளிம்பில் கட்டை விரலைச் சுற்றி ஓட்டி உடைசல் இருக்கிறதா என்று பார்ப்பார். முதல் தடவை நான் மூன்று பெரிய கறுப்புப் பைகளோடு போனேன். உள்ளே சாயம் போன டிஷர்ட்டுகள், ஜார் மூடி இல்லாத மிக்ஸி, ஒற்றைக் கையுறை. அவர் மிக்ஸியை மென்மையாக என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, இதை உங்கள் தங்கைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார். திட்டவில்லை, உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குக் கூடப் பிறந்த தங்கை இருக்கிறாள், பாளையங்கோட்டையில். அவளுக்கு நான் அதைக் கொடுக்கமாட்டேன். விற்க முடியாமல் தங்கும் குப்பையைக் காசு கொடுத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும், நிவாரணப் போர்வைக்குப் போக வேண்டிய காசு அது என்றும் அவரே சொன்னார். மூன்று பையில் ஒன்றரைப் பை என்னோடு திரும்பி வந்தது.

ஒரு கடையின் சேவை என்று எதையாவது உச்சியில் வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் நான் அந்த மேஜையைத்தான் சொல்வேன். நான் வாங்கியது எல்லாம் வரிசையாக வெளிச்சத்தில் வந்து நிற்கும் இடம் வேறு எங்கேயும் எனக்குக் கிடைத்ததில்லை.

குறைகள். முதல் குறை, மலிவு. 4 டாலர் என்றால் யோசிக்கத் தோன்றாது, நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்ற சமாதானம் வேறு சேர்ந்துகொள்ளும், கூடையில் ஒன்று கேட்டுப் போன இடத்தில் ஏழு விழும். நானும் என் மனைவியும் இங்கே ரொட்டி சுடும் மிஷின் ஒன்று வாங்கி, நாலு தடவை சுட்டு, ஆறாம் மாதம் பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தோம். முன்வாசலில் வாங்கிப் பின்வாசலில் கொடுத்துக்கொண்டே இருந்தால் தர்மம் செய்த திருப்தி இரண்டு பக்கமும் கிடைக்கிறது, வீட்டில் மட்டும் ஒன்றும் மாறுவதில்லை. சனிக்கிழமை காலையில் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும் பெரிய பெரிய வண்டிகளைப் பார்த்தால் இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை என்று தெரியும். கடை இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதி மாட்டலாம். உல்மன் தன் கடையில் வாயால் சொன்னாரே, அந்த மாதிரி.

இரண்டாவது, நல்ல சாமானைத் தனி அலமாரியில் பூட்டி அதிக விலை போட ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய கண்ணாடிச் சாமானை வாங்கி இணையத்தில் லாபத்துக்கு விற்கிறவர்கள் வருவதால் இப்படி என்றார்கள், எனக்குப் புரிகிறது, அந்த லாபம் நிவாரணத்துக்குப் போகட்டும் என்பதும் சரிதான். ஆனால் நேற்று வந்து இறங்கிய குடும்பமும் அதே அலமாரி முன்னால்தான் நிற்கிறது. 1979-ல் அகதிகளை வரவழைக்கக் கனடா அரசோடு முதல் ஒப்பந்தம் போட்டது எம்சிசிதான். அந்த வழி வந்தவர்கள் நடத்தும் கடையில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தனி விலை இருக்கலாம். கல்லாவில் இருந்தவரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

மூன்றாவது கடையின் குறை இல்லை, கடை போய்ச் சேராத இடம். என் சட்டை பழசு, என் சட்டி பழசு, ஆனால் என் ஓய்வுக்காலச் சேமிப்பு இருப்பது இண்டெக்ஸ் ஃபண்டில். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளை மொத்தமாகச் சேர்த்த எஸ் அண்ட் பி 500 வாங்கினால், அதற்குள் போர் விமானமும் ஏவுகணையும் செய்யும் லாக்ஹீட் மார்ட்டினும் சேர்ந்தே வருகிறது. இதை ஒருநாள் புத்தகப் பெரியவரிடம் கேட்டபோதுதான், இந்த ஊர் மெனோனைட்டுகள் 1964-லேயே தங்களுக்கென ஒரு கடன் சங்கம் ஆரம்பித்தார்கள், இப்போது கிண்ட்ரெட் என்ற பெயரில் நடக்கிறது என்று சொன்னார். நான் என் சேமிப்பை இன்னும் முழுதாக மாற்றவில்லை. பாதி மாற்றியிருக்கிறேன், மீதிக்கு வரிக் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கிறேன், வருமானம் குறையுமோ என்ற தயக்கமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு அறையில் செவ்வாய்க்கிழமை காலையில் நிவாரணத்துக்கு அனுப்பப் போர்வை கட்டுகிறார்கள். விற்க முடியாத நல்ல துணிகளைச் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, அடியில் இன்னொரு துணி வைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். 60 அங்குலத்துக்கு 80 அங்குலம். ஊசியை மேலிருந்து இறக்கிக் கீழிருந்து ஏற்றி, நூலை இரண்டு தடவை எதிரெதிராக முடிந்து, கொஞ்சம் நூல் விட்டு வெட்ட வேண்டும். நாலு விரற்கடை தள்ளி அடுத்த முடிச்சு. நான் லீவு போட்ட நாளில் போய் உட்கார்ந்தேன். என் முதல் வரிசை முடிச்சை எதிரில் இருந்த பாட்டி இழுத்துப் பார்த்தார், அவிழ்ந்துவிட்டது. சிரியாவிலோ உக்ரைனிலோ இதைத் துவைப்பார்கள், மறுபடி துவைப்பார்கள் என்று சொல்லிவிட்டு, என் விரலைப் பிடித்து வலது மேல் இடது, இடது மேல் வலது என்று போட்டுக் காட்டினார். ஒரு போர்வை முடிய நாலு பேருக்கு அரை நாள் ஆனது. அதில் ஒரு சதுரம் என் பழைய ஆபீஸ் சட்டை, நீலக் கட்டம், எனக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. அந்தச் சட்டையைக் கொடுத்தபோது எனக்கு எதுவும் குறையவில்லை. அந்த அரை நாள் குறைந்தது, ஒரு நாள் லீவு குறைந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

வருடா வருடம் மே மாதக் கடைசியில் நியூ ஹாம்பர்க்கில் நிவாரண ஏலம் நடக்கும், 1967-லிருந்து நடக்கிறது. கைத்தையல் போர்வைகளை ஏலம் விடுவார்கள். நம் ஊர்ச் சபைகளின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பத்து மடங்கு விலைக்கு எடுத்து மறுபடி ஏலத்துக்கே கொடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாக இருக்காது. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

வீட்டில் இப்போது ஒரு டப்பா வைத்திருக்கிறோம். கடைக்குப் போகும் முன், என்ன வாங்கப் போகிறோமோ அதன் விலையில் பத்தில் ஒன்றை முதலில் அதில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவது. என் மகள்தான் போடுவாள். சில சனிக்கிழமைகளில் டப்பாவில் போட்டதோடு கடைக்கே போகாமல் இருந்துவிடுகிறோம்.

போகிறவர்களுக்குச் சில விவரம். ஞாயிறு விடுமுறை. புதன் காலை கூட்டம் குறைவு, புதுச் சாமான் செவ்வாய் மாலை அலமாரிக்கு வரும். பை கொண்டுபோங்கள். சமையலறைச் சாமான் வாங்கினால் பழைய செய்தித்தாள் தருவார்கள், நாமேதான் சுற்றிக்கொள்ள வேண்டும். கொடுப்பதற்குப் போகிறவர்கள் துவைத்து, மடித்துக் கொண்டுபோங்கள், பின்வாசல் மணியை ஒரு தடவை அடித்தால் போதும், அந்த அம்மா மேஜையிலிருந்து எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும்.